கறுப்புக்கு எடுக்காத பச்சை

என் மூக்கின் இடது பக்கம் ஆரஞ்சு நிறம் என்பதை நாற்பத்தெட்டு வயதில்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூக்கில் என்ன பட்டது, கழுவினாயா என்று பதறினார். பட்டதெல்லாம் ஒன்றுமில்லை, ஜன்னல் வெளிச்சம் விழும்போது அந்தப் பக்கம் ஆரஞ்சுதான், இத்தனை வருசம் கண்ணாடி பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, பக்கத்திலேயே இருந்தும் உங்களுக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கோழிக்கறியில் உருளைக்கிழங்கு போடவா வேண்டாமா என்று கேட்டார். போடுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூரிகையை எடுத்தேன்.

நிறத்தைப் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற திமிரோடு இருந்தவள் நான். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பதினாலு வருசமாகப் பெயிண்ட் கலக்குவதுதான் என் வேலை. டின்னைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைத்து, வேண்டிய நிறத்தின் எண்ணைத் தட்டினால் மெஷினே சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விடும். பிறகு மூடிக் குலுக்க வேண்டும். இதைக் குரங்குகூடச் செய்யும். ஆனால் சில பேர் பழைய சுவரிலிருந்து பெயர்த்த நகத்தளவு சில்லைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். பத்து வருச வெயிலில் வெளுத்த நிறத்துக்கு எண் கிடையாது. அங்கேதான் நான் வேண்டும். சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறுப்பு ரெண்டு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு என்று கையால் விடுவேன். அடித்து முடித்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. எங்கள் சீனத் தவுக்கே, கடை முதலாளி, இவள் கண்ணுக்கு வாரண்டி உண்டு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

வெள்ளை வேண்டும் என்று யாராவது கேட்டால் எந்த வெள்ளை என்று கேட்பேன். வெள்ளையில் மட்டும் என்னிடம் பதினோரு விதம் இருக்கிறது. வெள்ளை என்றால் வெள்ளைதானே என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். அதே ஆரஞ்சு மூக்குதான்.

ஒருநாள் குளுவாங்கிலிருந்து ஒரு சீனப் பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், ஜீன்ஸ் முழுக்கப் பெயிண்ட். ஒரு சுவரில் கடல் வரையப் போகிறேன், நீலம் வேண்டும், ஆனால் அது கோபமான நீலமாக இருக்க வேண்டும் என்று மலாயில் கேட்டாள். பக்கத்தில் குழாய் வாங்க வந்து நின்றவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்படி ஒரு நீலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆழ்ந்த நீலத்தில் கறுப்பை விட்டால் நீலம் சோர்ந்துபோகும், கோபப்படாது. சிவப்பு விட வேண்டும், அதுவும் ஒரே சொட்டு. விட்டுக் குலுக்கி மூடியைத் திறந்து காட்டினேன். அவள் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

அப்படித்தான் அவளுடைய ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். குளுவாங்கில் ஒரு கடைவீட்டு மாடி, பெரிய ஜன்னல், ஆறு பேர். நான் ஒருத்திதான் தமிழ். வயதில் எவ்வளவோ சின்னவள் என்றாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். முதல் சில மாதம் பாட்டில், ரம்புத்தான், நாற்காலி என்று வரைந்தோம். பிறகு ஒருநாள் டீச்சர், வருசக் கடைசியில் இந்த மாடியிலேயே கண்காட்சி வைக்கப்போகிறோம், ஆளுக்கொரு கண்ணாடி கொண்டுவாருங்கள், அவரவர் முகத்தை அவரவரே வரைய வேண்டும் என்றாள்.

என் முகத்தை வரைய எனக்கென்ன பயம்? கோடுதான் எனக்குச் சரியாக வராது, நிறம் வரும். கண்ணாடியைப் பார்த்தேன், புறங்கையைப் பார்த்தேன். காவியில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி வெள்ளை. கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் பூசி முடித்துப் பெருமையோடு எழுந்து நின்றேன். டீச்சர் வந்து எனக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டாள்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினாலு வருசமாகக் கண்ணால் பார்த்து நிறம் சேர்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? என் கையைத் தூக்கிப் படத்தின் பக்கத்தில் வைத்து, பார்த்துக்கொள் என்று காட்டினேன். அப்போதுதான் நானே பார்த்தேன். படத்திலிருந்த முகம் என் கையைவிட ரெண்டு படி வெளுப்பு. கடையில் ஒருத்தருக்கு இப்படிக் கலந்து கொடுத்திருந்தால் டின்னை என் தலையில் கவிழ்த்திருப்பார். நான் விட்டது துளி வெள்ளை இல்லை. யாரும் கேட்காமலேயே என் கை வெள்ளையை அள்ளியிருக்கிறது.

அந்தக் கையைப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

லாபிஸில் எங்கள் வீட்டில் ரெண்டு பெண்பிள்ளைகள். அக்கா செவப்பு, நான் கறுப்பு. பெயிண்ட் கலக்குகிறவள் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழில் ஒரு பெண்ணைச் செவப்பு என்றால் அது சிவப்பு இல்லை, வெளுப்பு. பொண்ணு நல்ல கலரு என்றாலும் வெளுப்புதான். கலர் என்ற வார்த்தைக்கே வெளுப்பு என்று அர்த்தம் வைத்திருக்கிற சனம் நாம். கலர் வேண்டும் என்று வருகிறவருக்கெல்லாம் நான் வெள்ளை டின்னைத் தூக்கிக் கொடுத்தால் தவுக்கே அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என்னைப் பற்றிப் பேசினால் 'கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா' என்பார்கள். களை எனக்குப் பிடிக்கும். அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்காது.

எனக்கு ஒன்பது வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா எங்கள் ரெண்டு பேரையும் சிகாமட்டுக்குக் கூட்டிப்போனாள். கடையில் ஒரு கிளிப்பச்சைப் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது, ஓரத்தில் ஆரஞ்சுக் கரை. பிடித்த பிடியை நான் விடவில்லை. அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கறுப்புக்கு இது எடுக்காதுடி என்றாள். பாவாடை அக்காவுக்குப் போனது, எனக்குச் சந்தன நிறத்தில் ஒன்று வந்தது. அதற்கப்புறம் எல்லாத் தீபாவளிக்கும் சந்தனம், வெண்ணெய், வெளிர் ரோஸ். மயில்நீலம் எடுக்காது, கத்தரிப்பூ எடுக்காது, ஆரஞ்சு எடுக்கவே எடுக்காது. ஊரில் எல்லாரும் அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை கட்டிக் கல்யாணம் பண்ணினார்கள். அரக்கு கட்டினால் முகம் இருண்டுவிடும் என்று எனக்கு வெளிர் ரோஸ். போதாததற்கு ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படத்தில் என்னை நன்றாக வெளுத்து வைத்தார். அது இன்னும் எங்கள் ஹாலில் தொங்குகிறது. இந்தப் பொண்ணு எங்க போச்சுன்னே தெரியல என்று வீட்டுக்காரர் வருசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

அம்மாவைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என்னைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை. அவள் என்னைவிடக் கறுப்பு. எஸ்டேட்டில் செம்பனைக் காட்டில் வேலை செய்தவள். அவள் கட்டியதும் சந்தனம், சாம்பல், வெளிர் நீலம்தான். எனக்கு விவரம் தெரிந்து அவள் உடம்பில் வேறு நிறம் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்தே டீச்சருக்கு விசயம் புரிந்திருக்க வேண்டும். தோல் போகிற வழியில் போகாதீர்கள், ராசா போகிற வழியில் போங்கள் என்று மட்டும் சொன்னாள். மலாயில் ராசா என்றால் உணர்ச்சி, ருசி ரெண்டும்தான். கன்னத்தைப் பார்த்தேன். கிளிப்பச்சை என்று மனசு சொன்னது. சொன்னதுமே எனக்கு வியர்த்தது. வெள்ளைக் குழாயைத் தூக்கிக் கைக்கு எட்டாத இடத்தில், ஜன்னல் கட்டையில் வைத்தேன். பச்சையில் மஞ்சள் விட்டுக் கலந்து, பழைய வெளுத்த கன்னத்தின் மேலேயே பூசினேன்.

அடடா, அந்தப் பச்சை உட்கார்ந்த உட்காரல். நாற்பது வருசமாக இடம் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் மூக்கு ஆரஞ்சாகத் தெரிந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டது அப்போதுதான். பிறகு என்னை நிறுத்த யாராலும் முடியவில்லை. நெற்றிக்கு மயில்நீலம். கண்ணுக்கு அடியில் கத்தரிப்பூ. கழுத்துக்கு என்னுடைய கோபமான நீலம். காது மட்டும் அரக்குச் சிவப்பு, நான் கட்டாத கூறைப்புடவையின் சிவப்பு. எடுக்காது எடுக்காது என்று சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் மலாய்க்காரர்கள் வந்து வீட்டுக்கு ஊதா கேட்பார்கள், கலந்து கொடுத்திருக்கிறேன். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரம் பூச வந்தவர்கள் அம்மன் முகத்துக்குப் பச்சையும் பெருமாளுக்கு நீலமும் என்னிடம்தான் வாங்கினார்கள். அம்மனுக்குப் பச்சை எடுக்காது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் கலந்து கொடுத்தவள் எனக்கென்று ஒரு சொட்டு வைத்துக்கொண்டதில்லை என்று நினைத்தபோது சிரிப்பு சிரிப்பாக வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பார்த்தேன். பழுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லாத படம். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் அது கறுப்பு முகம்தான். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலிருந்து நான் என்னையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடையில் எத்தனையோ ஆயிரம் டின் குலுக்கியிருக்கிறேன், இந்த அதிசயம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. இந்தத் தடவை டீச்சர் யார் என்று கேட்கவில்லை. அடியில் கையெழுத்துப் போடுங்கள் என்றாள்.

ஆனால் எனக்கு டீச்சர் சொன்னது போதவில்லை. அம்மா பார்க்க வேண்டும். பார்த்து, இது நீதான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது, அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. எழுபத்தாறு வயதில் அவள் லாபிஸில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்குப் போன் போட்டேன். சந்தோசத்தில் என்ன பேசுகிறோம் என்ற நிதானம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

"அக்கா, என்னை நானே வரைஞ்சிருக்கேன். நல்ல கலரா வரைஞ்சிருக்கேன். அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

அக்காவுக்கு ஒரே சந்தோசம். கட்டாயம் வருகிறோம் என்றாள். நான் செய்த முட்டாள்தனம் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அக்கா கூப்பிட்டு, நான் என்னை வெள்ளையாக வரைந்திருப்பதாக அம்மா கோயிலில்கூடச் சொல்லிவிட்டாள், கல்யாணப் படத்தைவிட நல்ல கலரா என்று கேட்கிறாள் என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். பெயிண்ட் கடைக்காரி கலர் என்றால் கலர் என்று நினைத்துப் பேசிவிட்டேன், கேட்டவள் எங்கள் வீட்டில் வளர்ந்தவள், அங்கே கலர் என்றால் வெளுப்பு. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் வீம்பு வந்துவிட்டது. என் கன்னம் பச்சை என்று போனில் எப்படிச் சொல்வது? வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேனே ஒழிய, கண்காட்சிக்கு முன்னால் ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு மக்சிக், வயதான மலாய் அம்மா, கேட்ட வெளிர் மஞ்சளில் பச்சையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் படத்தை ஒரு பழைய சாரத்தில் சுற்றி வண்டியில் ஏற்றினார். ஏற்றுவதற்கு முன்னால் பிரித்து ஒருமுறை பார்த்தார். கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டவா, இல்லை ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வருகிறவர்களிடம் எனக்கு ரெண்டு பெண்டாட்டி என்று சொல்லவா என்று கேட்டார்.

கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அக்கா காரில் வந்து சேர்ந்தாள். அம்மா சந்தன நிறப் புடவையில் இறங்கினாள், நெற்றியில் திருநீறு. அக்காவுக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நான் தெருவில் நின்று அங்கே விடு, இங்கே விடு என்று கத்திக்கொண்டிருந்ததில், அம்மா கைப்பிடியைப் பிடித்துத் தனியாகவே படியேறிப் போய்விட்டாள். தெரிந்ததும் ரெண்டு ரெண்டு படியாகத் தாண்டி ஓடினேன்.

அம்மா ஒரு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் படத்தின் முன்னால் இல்லை. எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், சீன அம்மா. என்னைப் போலவே வட்ட மூக்குக்கண்ணாடி, என்னைப் போலவே கொண்டை. தன் முகத்தை உள்ளது உள்ளபடி, வெண்ணெய் நிறத்தில் வரைந்திருந்தார். வெள்ளை முகத்தைத் தேட வேண்டும் என்று மனசில் போட்டுக்கொண்டு வந்த என் அம்மா, கண்ணாடியையும் கொண்டையையும் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். ஸ்டூடியோக்காரர் ஒருமுறை செய்ததைப் பார்த்தவள்தானே, மகள் அடையாளம் தெரியாமல் போவது அவளுக்குப் புதிது இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டுக்கும் முன்னால் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வாடியிருந்தது.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. கலராவும் இருக்கு" என்றாள். "ஆனா ஒன்ன மாதிரி இல்லியேடி."

அவள் என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"அங்க பாரு. யாரு போட்டதோ தெரியல. அதுதான் அப்படியே நீ. சின்னப்புள்ளையில துணிக்கடையில புடிச்சுக்கிட்டு மொறைச்ச பாரு, அந்த மொறைப்பு."

அது நான் போட்டதும்மா என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அம்மா என் கையை விட்டுவிட்டுத் தானாக நடந்து அந்தச் சுவருக்குப் போனாள். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள், பிறகு ஓரடி பின்னால் வந்து பார்த்தாள். அதற்குள் அக்கா மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தாள். அலமாக், மூஞ்சில என்னாடி பச்சை என்று தொடங்கினாள். அம்மன் கதையை எடுத்துவிட நான் தயாராகத்தான் இருந்தேன். தேவைப்படவில்லை. சும்மா இருடி என்று அம்மா திரும்பாமலேயே அவளை அடக்கிவிட்டாள்.

அம்மா விரலை நீட்டிக் கன்னத்தைத் தொடாமல் காட்டி, இது அந்தப் பாவாடைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விரல் மூக்குக்கு நகர்ந்தது. கரை என்றாள். அந்தக் கரை என்ன நிறம் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவளும் அதை இத்தனை வருசம் வைத்திருந்திருக்கிறாள்.

"எடுத்திருக்கும்டி" என்றாள்.

எனக்கு அது போதும். எதற்கு வரச் சொன்னேனோ அது கிடைத்துவிட்டது, அதற்கு மேலும் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா அங்கிருந்து நகரவில்லை. முந்தானையைக் கையில் எடுத்து, தன் சந்தன நிறப் புடவையைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். அதை அவள் என்னிடம் கேட்டாளா, தன்னிடமே கேட்டுக்கொண்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்ப எனக்கும் எடுத்திருக்குமா?"

கடையில் சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் அம்மாவின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கன்னத்தில் நல்ல நீலம் இருந்தது, நெற்றியில் செம்பு இருந்தது. இப்பவும் எடுக்கும்மா என்றேன். இந்த வயசுலயா என்று அக்கா ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருத் துணிக்கடையை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். மணி மூன்றரை ஆகியிருந்தது. டீச்சரிடம்கூடச் சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.